மிக்சி ஓடும் தெருவில் பாட்டுப் பதிவு: ஷூர் எஸ்எம்58 மைக்

வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய எந்த மைக் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் ஷூர் எஸ்எம்58 என்று சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. "அது கச்சேரி மைக் ஆயிற்றே அக்கா" என்கிறார்கள். ஆமாம், கச்சேரி மைக்தான். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, பட்டிமன்றம், கட்சிப் பொதுக்கூட்டம் என்று மேடை போட்ட இடமெல்லாம் நிற்குமே, உச்சியில் உருண்டைக் கம்பிவலை வைத்த மைக், அதேதான். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன பொருளுக்குக் காசு கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. ஸ்டூடியோ என்றால் வட்டச் சல்லடைக்குப் பின்னால் பளபளவென்று ஒரு மைக் தொங்க வேண்டும், பாடுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். படங்களில் அப்படித்தானே காட்டுகிறார்கள்.

நான் கும்பகோணத்துக்காரி. மெல்லிசைக் குழுவில் பாடுவது பிழைப்பு. சொந்தமாகப் பாட்டெழுதி மெட்டுப் போடுவது ஆசை. ராத்திரி பதினோரு மணிக்கு மேல், கூட்டம் பாயைச் சுருட்ட ஆரம்பித்த பிறகு, குழுத் தலைவர் பெரிய மனது வைத்தால் என் பாட்டு ஒன்று மேடையேறும். பங்குனி உத்திரத்தில் தொடங்கி ஆடி முடியும் வரை ஊர் ஊராக ஓடிப் பாடிச் சம்பாதிப்பதுதான் மற்ற மாதங்களுக்கும் சாப்பாடு. 2020 மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியபோது பங்குனி பாதிகூட ஆகவில்லை. விழாக் கமிட்டிக்காரர்கள் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை, அவர்களுக்கும் வசூல் கிடையாது. ஒலிபெருக்கிப் பெட்டிகளைக் கொட்டகையில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியாயிற்று. மைக்குகளும் வயர்களும் அங்கே கிடந்தால் எலிக்குத்தான் கொண்டாட்டம் என்று ஆளுக்கு ஒன்றிரண்டை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னார் தலைவர். என் பங்குக்கு வந்தது நான் வழக்கமாகப் பாடும் எஸ்எம்58. எழுதி வைத்திருந்த பாட்டுகளை அதில்தான் பதிந்தேன். மேடைகள் திரும்பியதும் அதைக் குழுவிடம் ஒப்படைத்துவிட்டு, சொந்தக் காசில் புதிதாக ஒன்று வாங்கினேன். இந்த மதிப்புரை இரண்டையும் பற்றியது. ஒலியில் இரண்டுக்கும் வேறுபாடு எனக்குக் கேட்கவில்லை. பழையதன் வலையில் ஒரு பள்ளம் இருக்கிறது, அவ்வளவுதான்.

கைபேசி போதாதா என்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பேசுவதற்குப் போதும். சுருதி இல்லாமல் பாடினால் அதற்கும் ஓரளவு போதும். சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதிந்து பாருங்கள். முதல் சில நொடிகள் சுருதி நன்றாகக் கேட்கும். பிறகு மெல்லத் தேய்ந்து, நான் வாயைத் திறந்ததும் காணாமல் போய்விடும். மூச்சு வாங்க நிறுத்தினால் எங்கிருந்தோ எட்டிப் பார்க்கும். கைபேசி கெட்டுவிடவில்லை. ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக ஒலிக்கும் எதையும் மின்விசிறி என்றோ ஏசி என்றோ எண்ணி அமுக்கிவிடும்படி அதன் மென்பொருளை எழுதியிருக்கிறார்கள். நமக்கோ அந்தச் சீரான ஒலிதான் ஆதாரம். இந்த வேலையை நிறுத்தி வைக்கும் செயலிகள் உண்டு. அப்போதும் ஒலியளவைத் தானாக ஏற்றி இறக்கும் குணம் பல கைபேசிகளை விட்டுப் போவதில்லை. தாழ்ந்த குரலில் பாடிய சரணமும் ஓங்கிப் பாடிய பல்லவியும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். பாட்டுக்குள் நான் வைத்த மேடு பள்ளத்தை எல்லாம் யாரோ மண்வெட்டியால் நிரவியதுபோல இருக்கும்.

அடுத்தது கண்டென்சர் மைக், ஸ்டூடியோக்களில் தொங்கும் அந்த நுணுக்கமான வகை. 'வீட்டிலேயே ஸ்டூடியோ' என்று ஊரடங்குக் காலத்தில் வந்த காணொளிகளை நம்பி அதை வாங்கியவர்கள் என் வட்டாரத்திலேயே பலர். உண்மையில் அந்த முதல் வாரங்களில் எந்த மைக்கும் நல்ல மைக்தான். பஸ் இல்லை, பட்டறை இல்லை, ஹாரன் இல்லை. சாரங்கபாணி கோயிலை ஒட்டிய எங்கள் தெருவில் நடுப்பகலில் அணில் கத்துவது கேட்டது. ஊரே அடங்கிக் கிடந்தபோது எழுதிய புகழுரைகளை இப்போது படித்துவிட்டு வாங்கக் கூடாது என்பேன். தளர்வுகள் அறிவித்ததும் பாத்திரப் பட்டறையில் தட்டத் தொடங்கினார்கள். எதிர்வீட்டு மாடியில் தண்ணீர் மோட்டார் ஓடியது. லோடு ஆட்டோவில் வெங்காயம் விற்பவர் தம் குரலை ஏற்கெனவே பதிந்து வைத்துக்கொண்டு, ஒலிபெருக்கியில் அதை ஓடவிட்டபடி தெருத்தெருவாக வந்தார். நண்பரிடம் இரவல் வாங்கிய கண்டென்சரில் நான் பாடியதைப் போட்டுக் கேட்டால், என் பாட்டுக்குப் பின்னால் வெங்காயம் கிலோ என்ன விலை என்பது தெளிவாகக் கேட்டது. அவருடைய பதிவு என் பதிவுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. சமையலறையில் தாளித்தால் கடுகு வெடிப்பதை எண்ணலாம். மைக்கின் மேல் குற்றமே இல்லை. நுணுக்கமாகக் கேட்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள், அது கேட்கிறது. சத்தம் புகாமல் இழைத்துக் கட்டிய அறைக்கு அது ராஜா. ஜன்னலுக்கு மேல் மூடவே முடியாத காற்றுத் துவாரம் வைத்துக் கட்டிய வீட்டில் அதற்கு வேலையில்லை.

எஸ்எம்58 டைனமிக் வகை. உள்ளே மெல்லிய சவ்வு, சவ்வோடு ஒட்டிய கம்பிச்சுருள், பக்கத்தில் காந்தம். குரல் பட்டுச் சவ்வு அசையும்போது சுருளில் மின்சாரம் பிறக்கிறது. கண்டென்சரைப்போல 48 வோல்ட் கொடுத்து எழுப்ப வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் இதை 1966இல் கொண்டுவந்தது. வேடிக்கை என்னவென்றால், ஸ்டூடியோக்களில் விற்கலாம் என்று கருதித்தான் இதைச் செய்தார்கள். மேடைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை பிடிக்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. கண்டென்சர்கள் 20,000 வரை போகும். மீதி 5,000 எங்கே என்று இளைஞர்கள் என்னைக் கேட்பதுண்டு. நாற்பதைத் தாண்டிய என் காதுக்கு அந்த உச்சி எப்படியும் எட்டாது என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். டைனமிக் மைக் வெளிச்சத்தத்தை வாங்காது என்று கடையில் சொல்வார்கள். அப்படி எந்த வித்தையும் அதற்குத் தெரியாது. விஷயம் வேறு: இதை வாயோடு ஒட்டி வைத்துப் பாடலாம். வலைக்குள் பஞ்சு வைத்திருப்பதால் மூச்சுக்காற்றையும் ஓரளவு தாங்கும். தள்ளி நின்று பாடினால், தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் குரல் 6 டெசிபல் குறையும். குறைந்த குரலை ஈடுகட்ட ஒலியளவை ஏற்றுவீர்கள்; மிக்சி சத்தமும் கூடவே ஏறும். நாலு விரல் தூரத்தில் பாடினால் ஏற்றவே தேவையில்லை. மிக்சி பதினைந்து அடிக்கு அப்பால்தானே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். கண்டென்சரையும் இப்படி ஒட்டிப் பாடலாமே என்றால், பாடலாம். அதன் முன்னால் தனியாகச் சல்லடை வேண்டும், எச்சில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நாக்கு பல்லில் படுகிற சின்னச் சத்தம்கூட உள்ளே போகும். ராத்திரி இரண்டு மணி வரை முகத்தோடு ஒட்டிப் பாடிப் பழகிய மேடைப் பாடகிக்கு இந்தக் கட்டுப்பாடுகள் ஒத்துவராது.

இரண்டாவது விஷயம், திசை. இந்த மைக்கின் வால்பக்கம், அதாவது வயர் சொருகும் முனை, அந்தத் திசையில்தான் அதற்குக் காது மந்தம். பாடகர்கள் பலரும் முகத்தை எங்கே வைப்பது என்று யோசிப்பார்களே தவிர, வால் எதைப் பார்க்கிறது என்று கவனிப்பதில்லை. தெருச்சத்தம் ஜன்னல் வழியாக வருகிறதென்றால் வால் ஜன்னலைப் பார்க்க வேண்டும். பாடுகிறவர் ஜன்னலை நோக்கி நிற்க வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டிப் பாடினால் தெருவே மைக்குக்குள் இறங்கும். மின்விசிறிக்கும் இதே கணக்கு. நீண்ட கை உள்ள ஸ்டாண்டில் மைக்கைத் தலைகீழாக மாட்டி, நெற்றிக்கு மேலிருந்து வாயைப் பார்க்கும்படி சாய்த்துவிடுங்கள். இப்போது வால் கூரையைப் பார்க்கிறது, விசிறி வாலுக்கு நேராக வந்துவிட்டது. விசிறியை இரண்டாம் எண்ணில் ஓடவிட்டு இப்படிப் பாடியிருக்கிறேன். பதிவில் அதன் சத்தம் சுருதிப் பெட்டிக்கு அடியில் அமுங்கிப்போனது. கத்திரி வெயிலில் விசிறியை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சரணத்தைத் திரும்பத் திரும்பப் பாடியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், மைக் பாதி வேலையைத்தான் செய்யும். சிமெண்ட் சுவர், வழவழப்பான தரை, வெற்றுக் கூரை: கை தட்டினால் சுவருக்குச் சுவர் மோதி 'ட்ரிங்' என்று ஒரு சிலிர்ப்பு எழும். பாட்டில் அது குளியலறையில் பாடியதுபோல ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்த மென்பொருளாலும் அதைப் பிரித்தெடுப்பது சுலபமில்லை. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுகிறார்கள். அது சத்தத்தை வாங்கும் அளவுக்குத் தடிமன் கிடையாது, அறைதான் கோழிப்பண்ணை மாதிரி ஆகும். எங்கள் வீட்டில் இருந்த பெரிய பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துக் கொடிக்கயிற்றில் போட்டேன். எங்கே போடுவது என்பதில்தான் சூட்சுமம். மைக்குக்குப் பின்னால் போடுவது பலருக்கும் பழக்கம். அந்தப் பக்கம்தான் மைக்குக்குக் கேட்காதே. பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் போட வேண்டும். மைக் பார்ப்பது உங்கள் முகத்தையும், முகத்துக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தான். ஜமுக்காளத்தோடு துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்தால் இன்னும் நல்லது. பட்டுப்புடவை இருக்கும் அடுக்கை மட்டும் மூடிவிடும்படி என் மாமியார் சொன்னார். அதனால் ஒலி ஒன்றும் குறையவில்லை.

குரல் எப்படி வருகிறது? நான் ஐந்தரைக் கட்டையில் பாடுகிறேன். மேல் ஸ்தாயியில் என் குரல் கொஞ்சம் மெலிந்து கூர்மையாகிவிடும். வாயருகே வைத்துப் பாடும்போது இந்த வகை மைக்குகள் தாழ்ந்த ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கும். அதனால் குரலுக்குக் கொஞ்சம் சதை வைக்கிறது. பெண் குரலுக்கு இது வரம். ஏற்கெனவே கனத்த ஆண் குரலென்றால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கும். நடுவிலும் அதற்குச் சற்று மேலும் இந்த மைக் ஒலியை லேசாக உயர்த்துகிறது. திருவிழாச் சந்தடியில் வார்த்தை புரிய வேண்டும் என்பதற்கு உதவும் குணம் அது. வீட்டுப் பதிவில் அதுவே எனக்குப் பெரிய உபகாரமாக அமைந்தது. எனக்கு மெட்டைவிட வார்த்தை முக்கியம்.

திருவிழாவில் கடை போடும் வளையல்காரியைப் பற்றி அப்போது ஒரு பாட்டு எழுதியிருந்தேன். எனக்கு மேடை போன அதே பங்குனியில் அவளுக்குக் கடை போயிற்று. "பங்குனி வந்தும் பந்தல் இல்லை, பாதி வளையல் பெட்டிக்குள்ளே" என்பது பல்லவி. ஒரே வரியில் இத்தனை பகரம் வைத்து எழுதினால் மைக்கில் 'பொத் பொத்' என்று அடிக்கும் என்று கீபோர்டு வாசிக்கும் தம்பி எச்சரித்தான். தமிழில் 'ப' சொல்லும்போது வாயிலிருந்து காற்று அவ்வளவாக வெளியே தள்ளுவதில்லை. ஆங்கிலப் பாட்டுகளை வைத்துச் செய்யும் சோதனைகளைப் பார்த்து நாம் பயப்படத் தேவையில்லை. ஆனால் தாளத்தின் அடியில் 'பங்' என்று ஊன்றிப் பாடியபோது தம்பி சொன்னது நடக்கத்தான் செய்தது. மைக்கை உதட்டுக்கு நேராக வைக்காமல் வாயின் ஓரத்துக்கு நகர்த்தினோம். காற்று பக்கவாட்டில் போயிற்று, குரல் உள்ளே வந்தது. 'வளையல்' என்பதில் லகரமும் 'பெட்டிக்குள்ளே' என்பதில் ளகரமும் தனித்தனியாகக் கேட்டன. மேடையில் அவ்வளவு துல்லியமாக என் காதுக்கே கேட்டதில்லை.

இனிக் குறைகள். மிகப் பெரியது, இதன் வெளியீடு சன்னமானது. ஓங்கிப் பாடுகிறவர்களுக்குச் சிக்கலில்லை. தாலாட்டு மாதிரி, பக்கத்தில் தூங்கும் பிள்ளைக்கு மட்டும் கேட்கும்படி பாடும் பாட்டென்றால் ஆடியோ இன்டர்ஃபேஸின், அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியின், குமிழைக் கடைசி வரை திருக வேண்டும். அங்கே 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் தலை காட்டும். இன்டர்ஃபேஸ் வாங்குவதற்கு முன் அது எத்தனை டெசிபல் வரை ஏற்றும் என்று பாருங்கள். பரவலாகக் கிடைக்கும் ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2-வின் மூன்றாம் தலைமுறையில் அது 56. 2023இல் வந்த நான்காம் தலைமுறையில் 69. இந்த மைக்கை வைத்து மெல்லப் பாடுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல. மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் சொருகிக் குரலை உயர்த்தும் சிறு பெட்டிகளும் விற்கிறார்கள். அவற்றின் விலையைக் கேட்டால் இன்னொரு மைக் வாங்கிவிடலாம் போலிருக்கும்.

கம்பி வாத்தியங்களுக்கு இது தோதுப்படாது. நண்பர் ஒருவர் வீணையை இதில் பதிய முயன்றார். மீட்டல் வந்தது, மீட்டியபின் நீளும் கார்வையின் மினுமினுப்பு வரவில்லை. வீணை, மாண்டலின், அக்கூஸ்டிக் கிட்டார் என்றால் கண்டென்சருக்கே போங்கள், சத்தமில்லாத நேரமாகப் பார்த்து. பறை, தவில், கஞ்சிரா என்றால் நேர் எதிர்: எவ்வளவு ஓங்கி அடித்தாலும் இது அசராது. எங்கள் குழுவின் தவில்காரர் பாபநாசத்தில் தம் வீட்டிலேயே இதே வகை மைக்கில் பதிந்து அனுப்பினார். வலந்தலை 'ணங்' என்று விழுந்தது. (வாட்ஸ்அப்பில் ஒலிக்கோப்பு அனுப்புவதானால் 'ஆவணம்' என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள், அப்போதுதான் சுருக்கப்படாமல் வந்து சேரும்.) கீபோர்டுக்கு மைக்கே வேண்டாம். வயர் மூலம் நேரடியாக இன்டர்ஃபேஸின் இரண்டாம் துளையில் சொருகிவிடலாம், ஊரே கத்தினாலும் அதில் ஏறாது.

இன்டர்ஃபேஸ் மடிக்கணினியின் யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் வகையாக இருப்பது நம் ஊருக்கு மிக நல்லது. மடிக்கணினிக்குச் சார்ஜர் போட்டபடி பதிந்தால் பல வீடுகளில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் பதிவாகும். நில இணைப்பு சரியில்லாத பிளக் பாயிண்டுகளின் உபயம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டால் முனகல் நிற்கும். இந்த வசதியால் எனக்கு இன்னொரு நாளும் கிடைத்தது: மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள். காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை வட்டாரம் முழுவதும் மின்சாரம் இருக்காது என்று பத்திரிகையில் அறிவிப்பு வருமே, அதைக் கத்தரித்து நாட்காட்டியில் குத்தி வைத்துக்கொள்வேன். மிக்சி ஓடாது, மோட்டார் ஓடாது, பாலிஷ் போடும் இயந்திரம் ஓடாது. மடிக்கணினியில் பேட்டரி நிரப்பி வைத்திருந்தால் முழுப் பாட்டையும் பதிந்துவிடலாம். தெருவில் எல்லோரும் மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் வாழ்த்திக்கொண்டிருப்பேன்.

இத்தனை எளிய கருவியில் பதிந்தால் வெளியே கொடுக்க முடியுமா என்ற சந்தேகம் வரும். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் நியூஜெர்சியில் தம் வீட்டுப் படுக்கையறையில், நான்கு தடங்கள் கொண்ட கேசட் கருவியில், எஸ்எம்57 மைக்குகளை வைத்துத் தம் பாட்டுகளைப் பதிந்தார். எஸ்எம்58-க்கு உடன்பிறப்பு அது. குழுவோடு ஸ்டூடியோவில் மறுபடி பாடிப் பார்த்தார்கள். வீட்டுப் பதிவுக்கு ஈடாகவில்லை என்று அந்தக் கேசட்டையே இசைத்தட்டாக வெளியிட்டார்கள். அவர் பெரிய ஆள், அவருக்குச் செல்லும் என்று சொல்லலாம். சொல்லிக்கொள்ளுங்கள். வளையல்காரிப் பாட்டை யூடியூபில் கேட்டுவிட்டு, எந்த ஸ்டூடியோ என்று விசாரித்தவர்கள் இருக்கிறார்கள். ஜமுக்காளத்தைப் பற்றிச் சொன்னால் நம்புவதில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது போலிகள். இந்த மைக் அளவுக்குப் போலி வருகிற மைக் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. எங்கள் குழுவுக்கே ஒருமுறை பெருநகரக் கடை ஒன்றில் இப்படி ஒன்றைத் தலையில் கட்டினார்கள். பெட்டி, உறை, ஒட்டுத்தாள் எல்லாம் அச்சு அசல். மேடையில் பாடியபோதுதான் குரல் தகரத்தில் தட்டியதுபோல வந்தது. கேட்டால், பில் இல்லாமல் மாற்ற முடியாது என்றார்கள். பில் கேட்டபோது வரி ஆகும் என்று மழுப்பியவர்களும் அவர்களேதான். அசல் எஸ்எம்58 எடை 298 கிராம். மளிகைக்கடைத் தராசு போதும், நிறுத்துப் பார்த்துவிடலாம். எங்களிடம் வந்தது அதைவிட நன்றாகவே குறைந்தது. நான் வாங்கியபோது விலை பத்தாயிரத்தை ஒட்டி இருந்தது. யாராவது மூவாயிரத்துக்குப் புத்தம் புதிதாகத் தருகிறேன் என்றால் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். அதே காசில் உள்நாட்டுத் தயாரிப்பாக நேர்மையான மைக்குகள் கிடைக்கின்றன, போலிக்கு அவை எவ்வளவோ மேல்.

யாருக்கு இது வேண்டாம்? கதை வாசிப்பவர்கள், ஒலிப்புத்தகம் செய்பவர்கள், நாடகக் குரல் கொடுப்பவர்கள், மெல்லிய குரலில் காதோடு பேசுவதுபோலப் பாடுகிறவர்கள் யோசித்து வாங்கட்டும். தனி அறையும் தடித்த கதவும் அமைந்தவர்களுக்கும் இது தேவையில்லை. வாத்தியம், குரல் இரண்டையும் ஒரே மைக்கில் ஒரே நேரத்தில் பதிய நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது. மேடையில் பாடிப் பழகி, வீட்டில் சத்தத்துக்கு நடுவே பதிய வேண்டியிருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. இன்னொரு லாபமும் உண்டு: கச்சேரி வந்தால் இதையே பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். கண்டென்சரைத் திருவிழா மேடைக்கு எடுத்துப்போய்ப் பாருங்கள், ஒலிபெருக்கி ஊளையிடும் சத்தத்தில் சாமியே எழுந்து போய்விடும். கீழே விழுந்து வலை நசுங்கினால் வலை மட்டும் தனியாக விற்கிறார்கள், திருகி மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்விட்ச் வைத்தது, வைக்காதது என்று இரண்டு வகை உண்டு. வீட்டுக்கு ஸ்விட்ச் இல்லாததே மேல். எல்சி என்று போட்ட பெட்டியில் வயர் இருக்காது, தனியாக வாங்க வேண்டும். கடைக்காரர் வழக்கமாக எடுத்துக் கொடுப்பது ஒரு முனையில் பி38 வைத்த வயர், ஆம்ப்ளிஃபையரில் சொருகுவதற்கானது. அதை இன்டர்ஃபேஸில் சொருகினால் பல பெட்டிகளில் மைக்குக்கு வேண்டிய வலு கிடைக்காது, பூனை முனகுவதுபோலக் கேட்கும். இரண்டு முனையிலும் எக்ஸ்எல்ஆர், அதாவது மூன்று ஊசிப் பிளக், வைத்த வயராகக் கேட்டு வாங்குங்கள். மூன்று மீட்டர் போதும்.